மேல்வீட்டுக்கு வெள்ளை நட்சத்திரங்கள்

நவம்பர் 28

இந்த வேலை முடியும்வரை குறிப்பு எழுதி வைப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். எதையும் தொடங்கும் முன் அதன் ஒழுங்கை எழுதிக்கொள்வது என் பழக்கம். எழுதாவிட்டால் நான் எதையும் தொடங்க மாட்டேன் என்பதும் உண்மை.

1. வேலை: மேல்வீட்டுத் திருமதி சற்குணத்தின் வீட்டுக்கு டெனிஷ் முறையில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், அலங்காரம். எல்லாம் கடதாசியில், கையால்.

2. முறை: நூலகத்தில் புத்தகம் எடுத்து அதன்படி. என் சொந்த யோசனைகள் வேண்டாம்.

3. ஆள்: நான். திருமதி சற்குணத்துக்கு இதில் பழக்கமில்லை. பார்க்க விரும்பினால் அடியிலிருந்து சொல்லிக்கொடுக்கலாம்.

4. எல்லை: கனடாவிலிருந்து அவருடைய மகன் குடும்பம் வந்து இறங்கும் முன்.

5. பிறகு: ஜனவரியில் அவர் மகனோடு கனடாவுக்கே போய்விடுகிறார். அது எல்லாருக்கும் நல்லது.

ஐந்தாவது அலங்காரத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. வெட்டினால் பக்கம் அசிங்கப்படும். இருக்கட்டும்.

வேலை வந்த விதத்தையும் எழுதிவிடுகிறேன். காலையில் குப்பை போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் தபால் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றார். பெட்டியில் 'ஞானாம்பிகை சற்குணம்' என்று தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறார். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில், இந்த முதியோர் குடியிருப்பில் தமிழில் பெயர் ஒட்டியிருப்பவர் அவர் ஒருவர்தான். கணவர் இறந்த பிறகு ஓடென்ஸ நகரத்திலிருந்து இங்கே வந்தவர்.

"நீங்கள் கதிரை செய்யிற தொழிற்சாலையிலை இருந்தனீங்கள்தானே? இவையளின்ரை வடிவு உங்களுக்கு விளங்கும்" என்றார். "பேரப்பிள்ளையள் ஒருக்காலும் இஞ்சை வந்ததில்லை. டென்மார்க் வீடெண்டா என்னெண்டு காட்டவேணும். பிறகு எனக்கு இஞ்சை வீடு இராது."

சரி என்றேன். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன். தொழிற்சாலையில் இருபது வருடம் கதிரைகளுக்குக் கடதாசிக் கயிற்றால் இருக்கை பின்னினேன். வடிவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நவம்பர் 29

நூலகத்தில் புத்தகம் கிடைத்தது. பெரிய புத்தகம், படங்கள் அதிகம். எல்லா வீடுகளும் வெள்ளையாகவும் ஏறக்குறைய வெறுமையாகவும் இருக்கின்றன. ஒரு மேசை, ஒரு கிண்ணம், சன்னலில் ஒரு கடதாசி நட்சத்திரம். எழுதியவர் சொல்வது: பொருள் குறையக் குறைய வெளிச்சம் கூடும், இருட்டான மாதத்தில் வெளிச்சம்தான் அலங்காரம். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்னரே இருட்டிவிடுவதால் இது நியாயமாகப் படுகிறது.

ஒரு படத்தில் எங்கள் தொழிற்சாலைக் கதிரை. இருக்கையின் முன்பக்க மூலையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நான் பின்னியதாக இருக்கலாம். வேறு யாராவது பின்னியதாகவும் இருக்கலாம்.

நிறம்: வெள்ளை மட்டும் என்று இரண்டாவது அம்சத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 1

நட்சத்திரம் தொடங்கினேன். நாலு நீளத் துண்டுகளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, பிறகு ஒவ்வொரு நுனியையும் முறுக்கிக் கூம்பாக்க வேண்டும். பசை இல்லை. முதல் மூன்றும் பிழையாக வந்தன. நாலாவது நட்சத்திரம்தான், ஆனால் ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. அதை எனக்கு வைத்துக்கொண்டேன்.

மேலே அவர் நடக்கும் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து சன்னலுக்கு. சன்னலிலிருந்து அடுப்படிக்கு.

டிசம்பர் 3

திருமதி சற்குணம் பின்னேரம் வந்தார். "நானும் பழகலாமெண்டு பாக்கிறன்" என்றார்.

இதயம் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு துண்டுக் கடதாசி. ஒவ்வொன்றும் மடித்து, ஒரு முனை வளைவாக வெட்டி, மற்ற முனையில் கீறல் போட்டு நாக்குகளாக்கியது. முதல் நாக்கு மற்றதன் உள்ளே போகவேண்டும். அடுத்த இடத்தில் மற்றது இதன் உள்ளே வரவேண்டும். முடிவில் அது திறந்து சிறு கூடையாகும். பிடி வைத்தால் தொங்கவிடலாம்.

"உள்ளை போறது எது, வெளியாலை வாறது எது?" என்றார்.

மறுபடி சொன்னேன்.

"ஒருக்கா திருப்பிக் காட்டுங்கோ. என்ரை கையிலை வைச்சுக் காட்டுங்கோ."

அவர் கையில் இருந்த கடதாசியைப் பிடித்துக் காட்டினேன். கடதாசியை மட்டும்தான். முதல் இதயம் சற்றுக் கோணலாக வந்தது. மெதுவாகக் கற்பவர்களிடம் பொறுமை வேண்டும். எனக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் 4

இன்று அவர் வரவில்லை. மழை.

மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு வர மழை தடையல்ல என்பது பிறகுதான் தோன்றியது.

டிசம்பர் 7

மூன்று நாளாகத் தொடர்ந்து வருகிறார். இன்று உழுந்து வடை கொண்டுவந்தார். எண்ணெய்க் கையால் கடதாசியைத் தொடக்கூடாது என்பதால் முதலில் வடை, பிறகு வேலை என்று வரிசைப்படுத்தினேன். அவர் சிரித்தார். எதற்கு என்று விளங்கவில்லை.

தேநீர் போட எழுந்துபோய்த் திரும்பியபோது அவர் முன்னால் இதயங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் நேர்த்தி. நான் நூலகப் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அதைவிட நன்றாக இருந்தன. என் விளக்கம் பயன்பட்டிருக்கிறது. ஒருநாளும் நான் நல்ல ஆசிரியனாக வருவேன் என்று எண்ணியதில்லை.

வேலை செய்தபடி ஏதோ டெனிஷ் பிள்ளைகள் பாட்டை முணுமுணுத்தார். வானொலியில் கேட்டிருப்பார். ஓடென்ஸவில் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, ஒரு பாலர் பள்ளிக் குசினியில் சமையல் என்று சொன்னதாக நினைவு.

போகும்போது படியில் நின்று, "இஞ்சேருங்கோ, கத்தரிக்கோலை நாளைக்குத் தீட்டி வையுங்கோ" என்றார். எங்கள் ஊரில் கலியாணமான பெண்கள் வீட்டுக்குள் யாரை 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். படியில் வேறு யாரும் இல்லை. இந்த ஊரிலுள்ள மற்றத் தமிழர்கள் எல்லாரும் என்னை 'அண்ணை' என்கிறார்கள். அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மறதியாக இருக்கலாம்.

கத்தரிக்கோலைத் தீட்டினேன்.

டிசம்பர் 10

நல்லதம்பி வந்தான். தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேசை. இப்போதும் கதவைத் தட்டாமல்தான் வருவான்.

"என்னடாப்பா, ஆற்றை கலியாணம்?"

"மேல்வீட்டு மிஸிஸ் சற்குணத்துக்கு."

"ஓகோ! அவவுக்கோ கலியாணம்?"

"அலங்காரமடா. நத்தாருக்கு. பேரப்பிள்ளையள் வருகினம்."

"நீ சைவப் பழமாச்சே. நத்தாருக்கும் உனக்கும் என்ன?"

"அவ கேட்டவ."

"நான் என்ரை கார்க் கராச்சுக்கு வெள்ளை அடிக்கக் கேட்டன். ரெண்டு வருசமாச்சு." ஒரு நட்சத்திரத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "வடிவாத்தான் கிடக்கு. அவ போனாப் பிறகு ஆருக்கு வெட்டப் போறாய்?"

"வேலை முடிஞ்சுது எண்டு விட்டிடுவன்."

"விட்டிடுவாய், விட்டிடுவாய்" என்று சொல்லிக்கொண்டு அவர் நேற்றுக் கொண்டுவந்ததில் மிச்ச வடையைத் தின்றான். அது நாளைக்கு என்று வைத்திருந்தது.

டிசம்பர் 13

என் மனைவி யோகம் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஓகூஸ் நகரத்திலிருந்து மகள் வதனி காலையிலேயே தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, சாப்பிட்டனீங்களோ? குரல் ஒரு மாதிரிக் கிடக்கு."

"எப்பிடிக் கிடக்கு?"

"சந்தோசமாக் கிடக்கு. அதுதான் கேட்டனான்."

யோகத்தின் படத்துக்கு விளக்கு வைத்தேன். அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மேசையிலிருந்த கடதாசியையும் கத்தரிக்கோலையும் அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் விளக்கை ஏற்றினேன்.

டிசம்பர் 16

திருமதி சற்குணம் வந்தபோது வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. "இன்னும் ரெண்டு மூண்டு செய்வம்" என்றார். தேவையில்லை, சன்னல்களின் அளவுக்குப் போதும் என்று விளக்கினேன். "ஓ, அளவோ" என்றார். கத்தரிக்கோலை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு தனியே இரண்டு நட்சத்திரம் செய்தேன். அளவுக்கு மேல்.

டிசம்பர் 19

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் அவர் பரிசுப் பொருட்கள் வாங்க நகரத்துக்குப் போனார். போகும்போது சாவியைத் தந்து, "நான் வர முதல் எல்லாத்தையும் கட்டி முடியுங்கோ. திடீரெண்டு பாக்கவேணும்" என்றார்.

புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனேன். முதலில் பொருட்களைக் குறைத்தேன். பிளாஸ்டிக் ரோசாப்பூக்கள், பொன் விளிம்பு வைத்த மணிக்கூடு, மயில் படம் எல்லாவற்றையும் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தேன். சற்குணத்தாரின் படத்தை மட்டும் தொடவில்லை. பிறகு கூரையின் கீழே நூல் கட்டி, அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நட்சத்திரங்களையும் இதயங்களையும் தொங்கவிட்டேன். வாசல் நிலைக்கு வெள்ளைக் கடதாசிச் சரம். ஏணியிலிருந்து இறங்கிச் சுவரோடு நின்று பார்த்தேன். அறை புத்தகத்தில் இருந்தது போலவே இருந்தது. மெல்லக் கதவைத் திறந்து மூடினாலும் எல்லாம் ஒருமிக்க அசைந்தன. வாழ்க்கையில் ஒன்றைப் பிழையில்லாமல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

அவர் வந்தார். கதவைத் திறந்தவர் பைகளோடு அப்படியே நின்றார். சப்பாத்தைக் கழற்றவில்லை. நிலையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வெள்ளை விரித்த மேசையைப் பார்த்தார். கடைசியாகக் கணவரின் படத்தைப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. "ஒருத்தரும் இல்லை. இது டெனிஷ் முறை" என்றேன்.

"அவருக்கே நாங்கள் இவ்வளவு வெள்ளை கட்டேல்லை."

அப்போதுதான் நான் பார்த்தேன். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூட வாசலிலேயே கண்டுபிடித்திருக்கும். கூரைக்குக் கீழே வெள்ளை, நிலையில் வெள்ளை, நடுவில் இறந்தவரின் படம். எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் இப்படி வெள்ளை கட்டுவார்கள். செத்தவீடு. பிரேதம் ஒன்றுதான் குறை. இத்தனை நாள் வெள்ளையை வெட்டி, மடித்து, முறுக்கியவன் ஒருமுறையாவது இதை நினைக்கவில்லை. என் கண்ணால் பார்க்காமல் புத்தகத்தின் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவர் சப்பாத்து வைக்கும் வாங்கில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணையும் துடைத்தார். இரண்டுமாக இருந்திருக்கலாம்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ. எல்லாத்தையும் கழட்டிவிடுறன்" என்று மறுபடி ஏணியில் ஏறினேன்.

"ஏணியாலை விழுந்து உண்மையாச் செத்தவீடு ஆக்கிப்போடாதேங்கோ. இறங்குங்கோ முதல்." மூக்கை உறிஞ்சினார். "சிவப்புக் கடதாசி கிடக்கோ? பாதி சிவப்பு, பாதி வெள்ளை. அப்பிடித்தான் இஞ்சத்தைப் பிள்ளையள்..." நிறுத்திவிட்டு, "தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போனார்.

டிசம்பர் 20

சிவப்புக் கடதாசி வாங்கினேன். அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, இதயங்கள் ஒவ்வொன்றையும் பிரித்து, வெள்ளையில் ஒரு பாதியை எடுத்துவிட்டுச் சிவப்பைப் பின்னினோம். நட்சத்திரங்கள் வெள்ளையாகவே இருக்கட்டும் என்றார். மணிக்கூடும் மயிலும் திரும்பி வந்தன. புத்தகத்தின்படி இது பிழை. பார்க்க நன்றாக இருக்கிறது.

வேலைக்கிடையில் அவர் தலை நிமிராமலே கேட்டார்: "ரெண்டாந் திகதி மகன் ரூபன் என்னைக் கூட்டிக்கொண்டு கொமூன் ஒபிசுக்குப் போறானாம், வீட்டை விடுறமெண்டு சொல்ல. நாலாந் திகதி பிளேன். நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"எதைப் பற்றி?"

"கனடாவைப் பற்றி."

யோசித்துப் பதில் சொன்னேன். "பிள்ளையளோடை இருக்கிறது நல்லதுதானே."

"ஓம்" என்றார்.

பிறகு ஒரு நாக்கைக் கிழித்துவிட்டார். அவர் கடதாசி கிழித்ததை இன்றுதான் பார்க்கிறேன்.

சரியான பதிலைத்தான் சொன்னேன். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

டிசம்பர் 22

வந்துவிட்டார்கள். மேலே பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவருடைய நடை எது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

டிசம்பர் 24

மாலைச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். மறுக்கலாமா என்று காலையில் யோசித்தேன். சட்டையை அயன் பண்ணிவிட்டதால் போனேன்.

மகன் ரூபன் உயரமானவன். "அங்கிள், அம்மா உங்களைப் பற்றிப் போனிலை சொல்லுறவ" என்று கைகொடுத்தான். மருமகள் துளசி. பேத்தி ஆரபிக்கு ஒன்பது வயதிருக்கும். பேரன் நிலவன் அவளைவிடச் சின்னவன்; கூரையில் தொங்கும் எல்லாவற்றையும் சோபாவில் ஏறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆரபி ஒரு இதயத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். "தாத்தா, இது நீங்கள் செய்ததா?"

"நானும் உங்கடை அம்மம்மாவும்" என்றேன்.

"அம்மம்மா இல்லை, அப்பம்மா!"

"ஓம், அப்பம்மா. அவவுக்கு இது தெரியாது. நான்தான் பழக்கினனான்."

ரூபன் சிரித்துவிட்டான். "அம்மாவுக்கோ? நல்ல கதை அங்கிள்! அம்மா ஓடென்ஸவிலை பாலர் பள்ளியிலை பதினேழு வருசம். டிசம்பர் பிறந்தா இதுதான் வேலை. ஒரு வகுப்புப் பிள்ளையள் முழுக்க அம்மாட்டைத்தான் இது பழகினதுகள். எங்கடை வீட்டிலை பெட்டி பெட்டியாக் கிடந்தது. நான் சின்னனிலை கண்ணை மூடிக்கொண்டு பின்னுவன்."

"குசினியிலை எண்டு..." என்றேன்.

குசினியிலிருந்து அவர் சோற்றுச் சட்டியோடு வந்தார். "குசினியிலையும் நிண்டனான்" என்றார். சட்டியை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அடுப்புச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. அடுப்புச் சூடு என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ரூபன் சோபாவைத் தள்ளி, சின்ன மரத்தை அறை நடுவில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினான். இந்த நாட்டு வழக்கம், எல்லாரும் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடியபடி நடக்க வேண்டும். நாற்பது வருடமாகத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். பிடித்ததில்லை.

"கையைப் பிடியுங்கோ அங்கிள்! வட்டம் காணாது" என்றான் ரூபன்.

இடது கையில் ஆரபி. வலது கையில் ஞானாம்பிகை.

எங்கள் ஆட்கள் மத்தியில் கணவனை இழந்த ஒருவரும் மனைவியை இழந்த ஒருவரும் கைபிடித்து நிற்க வேறு எந்த நாள் இருக்கிறது, வேறு எந்த மரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் பாடினார். எல்லா அடிகளும் தெரிந்திருந்தன. டிசம்பர் ஏழாந் திகதி முணுமுணுத்த பாட்டு. வட்டம் ஒரு பக்கம் போய், பிறகு மறுபக்கம் திரும்பியது. திரும்பும்போது அவர் விரல்கள் ஒருமுறை இறுகின. திரும்பும் இடத்தில் எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

பாட்டு முடிந்ததும் கைகளை விட்டார்கள். முதலில் விட்டது நான். அது மரியாதைக்காக.

டிசம்பர் 25

அவருக்கு முதலிலேயே இதெல்லாம் தெரியும். அப்படியானால் இத்தனை நாளும் அவர் ஏன் கீழே வந்து உட்கார்ந்தார் என்ற கேள்வி எழுகிறது.

கேள்வியை எழுதிவிட்டேன். விடைக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.



டிசம்பர் 28

மேலே பெட்டிகளை இழுக்கும் சத்தம்.

டிசம்பர் 31

ஊர் முழுக்க வெடிச்சத்தம். நல்லதம்பி வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தான். இதயம், பாலர் பள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். வட்டத்தைச் சொல்லவில்லை.

அவன் தன் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"சிற்றம்பலம், அந்த மனிசி உன்னட்டை இதயம் பழக வந்தவ."

"ஓம்."

"தெரிஞ்சதைத் தெரியாதெண்டு சொல்லி."

"ஓம்."

"இனி நானோ வந்து உனக்கு வகுப்பெடுக்க வேணும்? வாயைத் துறந்து சொல்லடா."

"என்னத்தைச் சொல்லுறது?"

தொலைபேசியை வைத்துவிட்டான்.

ஜனவரி 1

என்ன சொல்வது என்பதை அம்சம் அம்சமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது, அவருடைய முழங்காலுக்குக் கனடாக் குளிர் ஆகாது. இரண்டாவது, இங்கே வைத்திய வசதி. மூன்றாவது, டெனிஷ் மொழிப் பழக்கம் விட்டுப்போகும். எல்லாம் உண்மை. எதுவும் நான் சொல்ல நினைப்பது அல்ல. தாளைக் கிழித்தேன்.

ஜனவரி 2

அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். ரூபன் முன்னால், கார்ச் சாவியை ஆட்டியபடி. பின்னால் அவர், கோட்டும் பனிச் சப்பாத்தும் போட்டு, கைபிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. நான் வீட்டுச் செருப்போடு நின்றேன்.

"ஆறாந் திகதிக்கு முதல் அலங்காரத்தைக் கழட்டக் கூடாது" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. இந்த நாட்டு வழக்கம் அதுதான்.

அவர் நின்றார். "ஆறாந் திகதி நான் ஸ்காபரோவிலை நிப்பன்."

"அதுதான் சொல்லுறன்."

"என்னத்தைச் சொல்லுறியள்?"

"அம்மா, கொமூன் பூட்டப்போகுது" என்றான் ரூபன்.

"பொறு. இவர் ஏதோ சொல்லுறார்."

"போக வேண்டாமெண்டு சொல்லுறன்."

"கேக்கேல்லை" என்றார். கேட்டது. அவர் முகத்தில் தெரிந்தது.

"போக வேண்டாம்" என்றேன். படிக்கட்டில் அது எதிரொலித்தது. எனக்கும் கீழ்மாடியில் உள்ள டெனிஷ்கார அம்மா கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார்.

ரூபன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அங்கிள், என்ன கதை இது? டிக்கெட் எடுத்தாச்சு. அம்மாவை இஞ்சை தனிய விட்டிட்டு நான் அங்கை எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அதற்கு நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்னார்: "நான் இஞ்சை தனிய இல்லை, ரூபன்."

"சனம் என்ன கதைக்கும் அம்மா?"

"அதுகள் மார்கழி முழுக்கக் கதைச்சு முடிச்சுதுகள். நல்லதம்பியரைக் கேள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதைச் சொல்ல இந்த மனிசனுக்கு நத்தார் போய் வருசமும் பிறக்க வேண்டிக் கிடந்தது. நான் செத்தவீட்டு வெள்ளையைக் கழட்டிக்கொண்டு இருந்து கேட்டனான், இவர் சொன்னது பிள்ளையளோடை இருக்கிறது நல்லதாம்!"

படியிலேயே உட்கார்ந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு சப்பாத்து, பிறகு மற்றது. இரண்டையும் பக்கத்தில் சேர்த்து வைத்தார்.

"டிக்கெட்டைப் பழுதாக்கேல்லை. உங்களோடை வருவன். பிள்ளையளோடை பங்குனி மட்டும் இருப்பன். வீட்டை விடேல்லை."

ரூபன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். கோபமா என்று தெரியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 4

விடிய முதல் போனார்கள். பெட்டிகளை இறக்க உதவினேன். ரூபன் "போயிட்டு வாறம் அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். பிறகு இறங்கித் திரும்பி வந்தான். "அம்மா பிறசர் மருந்துக் குளிசையை மறப்பா. பங்குனியிலை வந்தாப் பிறகு நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேணும்." என் பதிலுக்கு நிற்கவில்லை.

அவர் காரின் சன்னலை இறக்கினார். ஏதோ சொல்வார் என்று குனிந்தேன். "தொப்பி போடாமல் நிக்கிறியள். உள்ளை போங்கோ" என்றார்.

கார் திரும்பும்வரை உள்ளே போகவில்லை.

ஜனவரி 5

மேலே சத்தமில்லை. அடுப்படிக்கும் இல்லை, சன்னலுக்கும் இல்லை. இந்தக் கட்டடம் இவ்வளவு அமைதியானது என்று எனக்குத் தெரியாது.

பங்குனியில் வருவேன் என்று சொல்லிப் போனவர்கள் எல்லாரும் வருவதில்லை. பேரப்பிள்ளைகள் விடமாட்டார்கள். முழங்கால் விடாது. இதையெல்லாம் எழுதாமல் இருப்பது நல்லது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 6

அலங்காரம் கழற்றும் நாள். அவருடைய வீட்டைத் திறந்தேன். சூடாக்கியைக் குறைத்துவிட்டுப் போயிருந்ததால் குளிர்ந்து கிடந்தது. கோட்டோடேயே ஏணியில் ஏறினேன். நட்சத்திரங்கள் ஒரு பெட்டி, இதயங்கள் ஒரு பெட்டி. கூரையில் நூல் கட்டிய ஊசிகளை விட்டுவைத்தேன். அடுத்த டிசம்பருக்குத் தேவைப்படும்.

பாதியில் தொலைபேசி அடித்தது. அங்கே விடியற்காலையாக இருக்க வேண்டும்.

"கழட்டியாச்சோ?"

"அரைவாசி."

"ஏணி ஆடாமல் கிடக்கோ?"

"ஓம்."

"ஆர் பிடிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

மறுமுனையில் நிலவன் எதற்கோ அழும் சத்தம் கேட்டது. அவர் அவனைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார். நான் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. பிறகு, "அப்ப இறங்குங்கோ. மிச்சத்தை விடுங்கோ. நான் வந்து பிடிக்கிறன்" என்றார்.

இறங்கிவிட்டேன். அறையின் சன்னல் பக்கப் பாதியில் நட்சத்திரங்களும் இதயங்களும் இன்னும் தொங்குகின்றன. இந்த நாட்டில் இன்றைக்குப் பிறகு அது வழக்கமல்ல. யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று யோசிக்க வேண்டும்.

வேலை முடியாவிட்டாலும் குறிப்பை இத்தோடு நிறுத்துகிறேன். முதற் பக்கத்தைத் திரும்பிப் படித்தேன். மூன்றாவது, அவருக்குப் பழக்கமில்லை என்றது, பிழை என்று முன்னமே தெரியும். நிறத்தைப் பற்றிச் சேர்த்ததும் பிழை. அவை சின்னப் பிழைகள். ஐந்தாவதும் பிழை என்று இன்றுதான் ஒத்துக்கொள்கிறேன். ஞானாம்பிகை கனடாவுக்குப் போவது எல்லாருக்கும் நல்லது என்று எழுதியிருக்கிறேன். 'எல்லாருக்கும்' என்று எழுதியபோது எங்கள் இருவரையும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.